முள் அசையலையே

பாட்டுப் பதிவு செய்யும் ஒரு கணினியில் புதிதாகக் குடிவந்தது கம்ப்ரஸர். குரல் ஒரு கோட்டைத் தாண்டினால் அதை அமுக்கிவிடுவதுதான் அதன் வேலை. அமுக்கும்போதெல்லாம் அதன் முகத்திலிருந்த முள் கீழே சாயும்.

முதல் பாட்டில் முள் அசையவே இல்லை. அந்த முள்ளுக்குப் பக்கத்திலேயே இருந்த, குரலை உள்ளே அனுப்பும் திருகுகுமிழ் பதறியது.

“சும்மா இருக்கோம்னு நம்மளத் தூக்கிடப் போறாங்க. உன் கோட்டைக் கொஞ்சம் இறக்கேன்.”

“அது இறங்காது. வச்சது வச்ச இடத்துலதான் இருக்கும்” என்றது கம்ப்ரஸர். “குரல் தாண்டலைன்னா எனக்கென்ன வேலை?”

“அப்போ நான் குரலை ஏத்திவிடுறேன்.”

அடுத்த பாட்டு தொடங்கியதும் குமிழ் தன்னைத் திருகிக்கொண்டது. முள் லேசாகத் துடித்தது. அது போதாதோ என்று பயந்து இன்னும் திருகியது. முள் சாய்ந்தது, பிறகு எழவே இல்லை; முணுமுணுப்புகூடக் கோட்டைத் தாண்டி அமுங்கியது.

பாட்டு முடிந்ததும் குரல் மூச்சிரைக்க வந்து நின்றது.

“முதல் வரியில ‘போகாதே’ன்னு முணுமுணுத்தேன். கடைசி வரியில அதையே கத்தினேன். ரெண்டும் ஒரே மாதிரி வெளிய போச்சு. போறவனுக்கு என் தவிப்பு புரிஞ்சிருக்குமா?”

குமிழுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“புரியாம இருக்குமா? முள்ளைப் பாரு, எப்படி விழுந்து கிடக்குது!”