கால்மாட்டுப் பிள்ளை

"நீ எப்ப ஆயா தூங்குவ?"

நாலு வயதில் அவள் கேட்டது. இதே அறையில், இதே சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு.

"நீங்கள்லாம் முழிச்ச பெறகு. கண்ண மூடு, கழுதை."

இன்று அவள் அந்த அறையின் வாசலில் நிற்கிறாள். இந்தப் பக்கத்துப் பால்வாடிகளுக்கெல்லாம் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர்.

உள்ளே பிள்ளைகள் தூங்குகின்றன.

அவர்களுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தபடியே, குருவம்மா ஆயாவும் தூங்குகிறாள்.

போன மாதம் பக்கத்து ஊரில் ஓர் ஆயா கண்ணயர்ந்த நேரம், ஒரு பிள்ளை ரோட்டுக்குப் போய்விட்டது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தது. அதிலிருந்து உத்தரவு. சொல்லாமல் கொள்ளாமல் மதியம் போய் நிற்க வேண்டும். ஆயா தூங்கினால் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

அனுப்பினால் வேலை போய்விடும்.

குருவம்மா ஆயாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். இப்போது வேலை போனால், கடைசியில் கைக்கு வரவேண்டியதும் சேர்ந்து போகும்.

டீச்சர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். காலையிலிருந்து ஆயா ஒருத்திதான். கேட்டின் கொண்டியில் கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தாள். எந்தப் பிள்ளைக்கும் எட்டாத உயரத்தில். அதை அவிழ்த்து உள்ளே வருவதற்குள் சூப்பர்வைசருக்கே விரல் சிவந்துவிட்டது.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

திரையில் ஆயா மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. வலக்கை ஒரு பிள்ளையின் முதுகில். இடக்கை இன்னொரு பிள்ளையின் முதுகில். கால்மாட்டில் ஒரு சிறுமி.

ஆயாவின் பாதம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தூக்கத்திலும் அது சிறுமியின் இடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

போனைத் தாழ்த்தினாள்.

அந்தக் கால்மாட்டு இடம் ஒரு காலத்தில் அவளுடையது.

விடிந்ததும் அம்மா அவளை இங்கே இறக்கிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசு வேலைக்கு ஓடுவாள். மதியம் வரை அழுகை. தட்டிக் கொடுத்தால்தான் தூக்கம். தட்டிக் கொடுக்க ஆயாவுக்கு இரண்டு கைதான் இருந்தன. அவளுக்குக் கால் கிடைத்தது.

வெடித்த பாதம். பாவாடையில் நூல் இழுக்கும். அடுப்புச் சாம்பலும் வேகவைத்த கோதுமையும் கலந்து அதற்கு ஒரு வாசம்.

அதன் கனத்தில் தூக்கம் தானாக வரும்.

தண்ணீர் சுமப்பது, உலை வைப்பது, ஊட்டுவது, மூக்குச் சிந்திவிடுவது, கால் கழுவிவிடுவது எல்லாம் ஆயாதான். சாயங்காலம் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

"வெத்தலைக்குக் காணும். பாக்குக்குப் பெறகு தாரோம்னு சொல்லியிருக்காக."

ஆயா சிரிப்பாள். அம்மாக்களும் சிரிப்பார்கள். என்னவென்று புரியாமல் அவளும் சிரிப்பாள்.

ஒருநாள் தூங்குவதுபோல நடித்தாள். ஆயா எப்போதுதான் தூங்குவாள் என்று பார்த்துவிட வேண்டும்.

தட்டுவது நின்றது.

இமையிடுக்கில் பார்த்தாள். ஆயா குனிந்து, அவள் இடுப்பை விரல் நுனியால் தொட்டாள். தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார் மீதாவது கால் பட்டுவிட்டால் பெரியவர்கள் செய்வார்களே, அப்படி.

பிறகு எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

சாமியைத்தான் அப்படித் தொட்டுக் கும்பிடுவார்கள் என்று அன்றுவரை அவள் நினைத்திருந்தாள்.

படித்தாள். வேலைக்கு வந்தாள். மேடையில் சால்வைகூடப் போட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவளை யாரும் அவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

இப்போது ஆயாவின் பாதம் நின்றுவிட்டது. தூக்கம் ஆழத்துக்குப் போய்விட்டது போல.

சிறுமி சிணுங்கினாள். உதடு பிதுங்கியது. இன்னொரு சிணுங்கலில் அழுகை வந்துவிடும். ஆயா விழிப்பாள். வாசலில் சூப்பர்வைசர் நிற்பதைப் பார்த்துப் பதறி எழுவாள்.

போனைப் பைக்குள் போட்டாள். ஓசைப்படாமல் போய்த் தரையில் உட்கார்ந்து, சிறுமியின் இடுப்பில் கை வைத்துத் தட்டினாள்.

சிணுங்கல் அடங்கவில்லை. கை அந்தச் சிறுமிக்குப் பழக்கமில்லை.

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சேலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு, காலை நீட்டினாள்.

பாதத்தின் கனம் பட்டதும் சிறுமி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். உதடு பழையபடி சேர்ந்துகொண்டது.

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயா சன்னமாகக் குறட்டை விட்டாள். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கால் மரத்துப்போகும் வரை.

பிறகு குனிந்து சிறுமியின் இடுப்பைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பக்கத்திலேயே ஆயாவின் பாதம் இருந்தது. இன்னும் அதே வெடிப்புகள்.

அதையும் தொட்டாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டினாள். கேட்டைச் சாத்தினாள். கம்பியை முன்பு இருந்தது போலவே, ஒவ்வொரு முறுக்காக, திரும்ப முறுக்கினாள்.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு கேட்டைப் பலமாகத் தட்டினாள்.

உள்ளிருந்து ஆயாவின் குரல், தூக்கம் கலைந்து, பதறி, உடனே தாழ்ந்து வந்தது.

"யாரது? மெள்ள... பிள்ளைக தூங்குதுக."

அவள் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல்.