பத்து வருஷம் தாங்கும்

ஷெட் கதவைச் சாத்திவிட்டு, படகு பழுதுபார்க்க வந்தவன் கயாக் படகின் உள்ளே டார்ச்சை வைத்தான்.

பழைய பிளாஸ்டிக் படகைச் சோதிக்க அதுதான் வழி. இருட்டில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே வெடிப்பு.

இருக்கைக்கு அடியில் முழ நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. பெருவிரலால் அழுத்தினான். வெயில் தின்ற பிளாஸ்டிக் நெறுநெறுத்தது.

மாதாமாதம் துடைத்து, பாலிஷ் போட்டு, துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பிணத்துக்குச் செய்த சிங்காரம்.

"ஒட்டினாலும் நிக்காதும்மா. நடு ஆத்துல பிளந்துடும்," என்றான்.

வீட்டுக்கார அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க தம்பி. இனிமே அவரா போகப்போறாரு?"

இருபது வருடத் தொழிலில் ஓட்டைப் படகை நல்ல படகு என்று அவன் சொன்னதில்லை. ஆனால் மாடியறையில், நோயில் கிடந்த அவள் கணவரின் போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்கள் மட்டும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டன.

"பத்து வருஷம் தாங்கும் சார்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். கட்டிலுக்கு அந்தப்புறம் நின்ற அவர் மனைவி, அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"என் பொண்ணு ரெண்டு வருஷமா இந்தப் படகைக் கேக்கறா. உடைஞ்சுடுமோன்னு பயந்துதான் குடுக்கல. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கட்டும். நானே போன் பண்றேன்," என்றார் அவர்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. சொன்ன சொல்லை அவனால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

படியிறங்கி ஷெட்டுக்கு வந்ததும், "பொண்ணுகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேம்மா," என்றான்.

"அவ மூத்த தாரத்துப் பொண்ணு. நான் சித்தி. அப்பா குடுத்ததைக் குடுக்க மனசில்லாம நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுன்னுதான் நினைப்பா."

அவன் பையைத் திறந்து ரம்பத்தை எடுத்தான். "அறுத்துப் போட்டுட்டா யாராலயும் ஆத்துல இறக்க முடியாது."

அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்க தம்பி. நான் அறுத்ததாவே இருக்கட்டும்."

அவன் வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. பழக்கமில்லாத கை. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நின்று, மறுபடி கேட்டது.