நினெத்தின் கைராசி

“போனைக் குடும்மா. ராத்திரியெல்லாம் நீ பாத்துக் கிழிச்சது போதும்.”

கல்லில் சோள ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. தெல்மா மகளைப் பார்க்காமல் அதைத் திருப்பிப் போட்டாள். தூக்கம் காணாத கண்கள் சிவந்திருந்தன.

நினெத் விடுவதாக இல்லை. பதினேழு வயதுக்காரிக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் ஊரையே எழுப்பிவிடுவாள். அவளுடைய சொந்தப் போன் துணி துவைக்கும் தொட்டியில் விழுந்து செத்துப்போயிருந்தது. வாரா வாரம் அவள் என்ன உடுத்துகிறாள் என்று, அவள் போனில் போடும் படத்தைப் பார்க்கத் தெருப் பெண்கள் காத்துக் கிடக்கிறார்கள். வீட்டில் உருப்படியாக இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான்.

அதை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்கிறாள்? பகலெல்லாம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துவிட்டு வந்து, தம்பிகள் இருவருக்கும் சட்டை தேய்த்து, அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்பங்கரை மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். எந்த ஊர்ப் பெண்களோ போட்டிருக்கும் கோட்டு, பாவாடை, கழுத்துத் துணி, அதற்கேற்ற செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, காலர் தையல் வரைக்கும் பார்ப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்தபோது நினெத்தே பார்த்திருக்கிறாள்.

பார்த்து என்ன பிரயோசனம்? விடிந்தால் அதே பழுப்பு ஸ்வெட்டர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

“அந்த ஒரு நேரந்தாண்டி இந்த வீட்ல யாரும் என்னைக் கூப்பிடாத நேரம்” என்றாள் தெல்மா மெதுவாக.

“யாரும் கூப்பிடாம இருக்கறதுக்குப் போன் எதுக்கு? படுத்துத் தூங்கலாமே. இதெல்லாம் கண்ணு இருக்கறவங்க பாக்க வேண்டியதும்மா.”

கண் யாருக்கு இருக்கிறது என்பதில் அந்தத் தெருவில் இரண்டு பேச்சு கிடையாது. வடக்கே பணக்கார நாட்டில் யாரோ உடுத்திக் கழித்த துணிகள் பாக்கா என்ற பெரிய பெரிய மூட்டைகளாக ஷேலா நகரத்துச் சந்தைக்கு வந்து இறங்கும். தோன்யா என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் இமெல்டாக் கிழவியின் கடையில் அவை குவியலாகக் கிடக்கும். மற்றப் பெண்கள் இடுப்பொடியக் கிளறினாலும் கிழிசல்தான் மிஞ்சும். நினெத் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவகாசமாகப் போய்க் கையை விட்டால் பச்சைக் கம்பளிக் கோட்டு வரும். அடுத்த வாரம் அதற்கென்றே தைத்த மாதிரி வெல்வெட் பாவாடை வரும். கைராசிக்காரி என்று தோழிகள் பொறாமைப்படுவார்கள். ராசியில்லை, ரசனை என்று இவள் திருத்துவாள்.

அம்மாவுக்கு அந்த ரசனை கிடையாது என்பது அவள் முடிவு. முன்பு ஒரு தடவை அம்மா ஆசையாக ஒரு மேல்சட்டை வாங்கி வந்தபோது, இதைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குத்தான் போக முடியும் என்று சொல்லி மூலையில் எறிந்தாள். தெல்மா அதைக் கிழித்து ஜன்னல் துடைக்க வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மகளுக்கென்று எதுவும் வாங்கி வந்ததில்லை.

தெல்மா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

“எடுத்துக்கோ. நானும் கொஞ்சம் தூங்கறேன்.”

நினெத்துக்கு ஒரு நொடி அதை வாங்கக் கூச்சமாக இருந்தது. போன் கைக்கு வந்ததும் அது சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து தெல்மா சீக்கிரமே படுத்தாள். தூங்கினாளே தவிர முகம் தெளியவில்லை. வேலையெல்லாம் முடிந்ததும் மேஜையருகே வெறுங்கையோடு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். பார்க்கும்போதெல்லாம் நினெத்துக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குவியலில் எதுவும் அகப்படவில்லை. ஒரு வாரம் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் ஓர் ஆண்பிள்ளைப் பைஜாமாவும் சாயம் போன கால்பந்துச் சட்டையும் வந்தன. மூன்றாம் வாரம் அதுவும் இல்லை. செப்டம்பர் திருவிழா நெருங்கிவிட்டது. என்ன உடுத்தப் போகிறாய் என்று கேட்காத தோழி இல்லை. பழைய கோட்டோடு போய் நின்றால் இத்தனை நாள் கட்டிய பெயர் ஒரே ராத்திரியில் கப்பலேறிவிடும்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சோளக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்த தோன்யா இமெல்டாவின் முன்னால் போய் நின்றாள்.

“நல்லதையெல்லாம் வேற யாருக்கோ ஒதுக்கி வச்சிடறீங்க தோன்யா. எனக்குத் தெரியும்.”

கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே வியாபாரியிடம் வாங்கும் அதே மூட்டைதான் என்றாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஊரறியப் பிரிப்பதாகவும், முதலில் வருகிறவர்கள் முதலில் எடுப்பதாகவும், இதில் ஒளிக்கத் தனக்கு ஒன்றுமில்லை என்றும் மாதா மேல் சத்தியம் செய்தாள்.

“அப்ப என் கைராசி எங்க போச்சு?”

தோன்யா இமெல்டா கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது கிடக்கட்டும். உங்கம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கா. இப்பல்லாம் நல்லாத் தூங்கறா. அவளுக்கென்ன?”

“இல்ல கண்ணு, மூணு வாரமா மூட்டை பிரிக்கறப்ப அவளைக் காணோம். போன்ல இருக்கற படத்தைப் பாத்துப் பாத்து, அதே மாதிரி தேடி எடுத்து, ‘எம்பொண்ணு கிளர்ற எடத்துல புதைச்சு வைங்க தோன்யா, நான் எடுத்ததுன்னு தெரிஞ்சா தொட மாட்டா’ன்னு சொல்லிட்டுப் போறவ அவதான?”