இன்னொரு சுற்று

சைபீரியாவிலிருந்து குளம் தேடி வந்த ஊசிவால் வாத்துகளைத் திரையில் விரல் வைத்துத் திருப்பி, கல்யாண மண்டபத்துக்கு மேலே வட்டமடிக்க விட்டாள் பூரணி. பறவை வழித்தட அலுவலகத்தில் அதுதான் அவள் வேலை.

“போட்டோ சரியா விழலம்மா. இன்னொரு சுத்து விடுங்க,” என்றார் கல்யாணப் பெண்ணின் தகப்பனார், போனில்.

ஐந்தாவது சுற்றில் நாலைந்து வாத்துகள் களைத்துப்போய்ப் பந்தியில் விழுந்தன. எச்சில் இலையோடு சுருட்டி வாளியில் போட்டார்கள். பூரணி அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “நம்ம குளத்துக்கு இன்னும் ஒண்ணுகூட வரலட்டி. தீபாவளி வருது. வாத்து மிரளும்னு இந்த வருசமும் ஊர்ல யாரும் பிள்ளைகளுக்கு வெடி வாங்கிக் குடுக்கல. வந்துரும்லா?”

மிச்ச வாத்துகள் போகவேண்டிய அடுத்த மண்டபத்தின் விலாசம் திரையில் வந்து நின்றது.

“வாங்கிக் குடுக்கச் சொல்லும்மா,” என்றாள் பூரணி. “நல்லா சத்தமா வெடிக்கட்டும்.”