வீரன் கம் திருடன்

"ஒண்ணு வீரனா இருங்க, இல்லைன்னா திருடனா இருங்க. ரெண்டும் வேணும்னா எப்படிங்க கண்ணுசாமி?" என்று கேட்டார் தீர்த்தகிரி வாத்தியார்.

"நானே ஓனர் கம் டிரைவர்தானுங்களே சார். எம்பட ஆளு வீரன் கம் திருடனா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கண்ணுசாமி. சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர்.

சங்ககிரியில், வங்கி குமாஸ்தா கைலாசத்தின் வீட்டில், ஞாயிறு மதியம். அமெரிக்காவில் படிக்கும் தம்பி அவருக்கு ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தான். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். குகை, பூதம், புதையல் என்று கைலாசம் கதை சொல்வார். அங்கே என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஜெயமா தோல்வியா என்பதைப் பல முகங்கள் கொண்ட பகடை சொல்லும்.

கைலாசத்தின் மனைவி சௌந்திரம் மந்திரக்காரி. தீர்த்தகிரி வெறும் வீரன். அதில் அவருக்குப் பெருமை.

கைலாசம் புத்தகத்தைப் புரட்டினார். "ரெண்டு தொழில் வெச்சுக்கலாமுங்க. ஆனா கிடைக்கிற அனுபவம் பாதி பாதியாப் பிரிஞ்சுரும். படி ஏறுறது மெதுவாத்தான் இருக்கும்."

"இருக்கட்டுங்க. லோடு வண்டி மெதுவாத்தானுங்க ஏறும்."

ஆறு மாதம் போனது. வாத்தியாரின் வீரன் ஐந்தாம் படியில் மார்தட்டினான். கண்ணுசாமியின் ஆள் மூன்றாம் படியில் முக்கிக்கொண்டிருந்தான்.

மற்றவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால், அதைச் சீட்டில் எழுதிக் கைலாசத்திடம் கொடுக்கலாம். அவர் படித்துவிட்டு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். கண்ணுசாமி வாராவாரம் டீசல் பில்லின் பின்பக்கம் பென்சிலால் எதையோ கிறுக்கிக் கொடுப்பார்.

"திருடன் சீட்டுக் கொடுத்துட்டான். எல்லாரும் அவங்கவங்க பையைப் பாத்துக்குங்க" என்பார் தீர்த்தகிரி.

ஆனால் அவருடைய பையில் ஒருநாளும் எதுவும் குறைந்ததில்லை. கதையில் ஊர் வந்து கடை வந்தால் எல்லோரும் மருந்து வாங்குவார்கள். வாத்தியார் மறந்துவிடுவார். ஆனாலும் அவருடைய வீரன் அடிபட்டுச் சாகக் கிடக்கும்போது, "உங்க பையில ஒரு மருந்துப் புட்டி இருக்குதுங்க சார்" என்பார் கைலாசம்.

"ஒழுக்கமா நடக்கிறவனுக்கு ஒரு குறையும் வராதுங்க" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார் வாத்தியார்.

அன்றைக்குக் கதையில் சந்தை வந்தது. பூதத்தின் குகையில் எடுத்துப் பொதுமூட்டையில் கட்டி வைத்த பன்னிரண்டு ரத்தினங்களை விற்க வேண்டும். அவிழ்த்தால் பதினொன்றுதான் இருந்தது.

எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள்.

"நான் எடுக்கலீங்க."

"டின்னைக் கவுத்துங்க கைலாசம்" என்றார் தீர்த்தகிரி. "எடுத்தது யாராயிருந்தாலும் அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து இங்க வரப்படாது."

"சார், ஆறு நாள் ரோட்டுல கிடக்கிறேன். இந்த ஒரு மத்தியானத்துக்காக லோடைக்கூட வேண்டாம்னுட்டு வாரேனுங்க."

"அதை எடுக்கறதுக்கு முந்தி யோசிச்சிருக்கோணும்."

"எல்லாச் சீட்டையுமா படிக்கச் சொல்றீங்க சார்?" என்று தயங்கினார் கைலாசம்.

"ஒண்ணு விடாமப் படிங்க!"

கைலாசம் முதல் டீசல் பில்லை எடுத்தார். "'வாத்தியார் மருந்து வாங்க மறந்துட்டார். அவருக்குத் தெரியாம அவர் பைக்குள்ள என் புட்டியை வைக்கிறேன்.'"

அடுத்தது. "'சார் இன்னைக்கும் மறந்துட்டார். ஒரு புட்டி.'"

மூன்றாவது. "'வழக்கம்போல.'"

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்கண்ணா, திருடன் எடுக்கத்தானே செய்வான்?"

"வைக்கிறதுக்கும் அதே கைதானே அம்மிணி வேணும்!"

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீசல் பில்கள் தீர்ந்தன. அடியில் ஒரு சீட்டு மட்டும் மிஞ்சியது. கைலாசம் அதைப் படிக்காமல் வாத்தியாரைப் பார்த்தார்.

அப்போதுதான் வாத்தியாருக்கு ஞாபகம் வந்தது. அரைப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே ஆடிய ஒரு ஞாயிறு. மருந்தை மறக்கிற மாதிரி அன்றைக்குத் தான் கொடுத்த சீட்டையும் மறந்தே போயிருந்தார்.

எட்டிப் பார்த்த கண்ணுசாமி சட்டென்று சொன்னார். "அதுவும் நான் எழுதுனதுதானுங்க."

சௌந்திரம் அதைப் பிடுங்கிப் படித்தாள். "'எல்லாரும் ஆற்றில் குளிக்கும்போது மூட்டையிலிருந்து ஒரு ரத்தினம் எடுத்துக்கொள்கிறேன்.' ஏனுங்கண்ணா, இது சிவப்பு மையில இருக்குதே?"

"சார் சட்டைப்பையில இருந்து பேனாவை அடிச்சேன் அம்மிணி. திருடன்தானே நானு!" கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "பேசுனது பேசுனபடிங்க. வாரேனுங்க."

தீர்த்தகிரி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பேனா இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

அதை எடுத்தார். தன் தாளில் 'வீரன்' என்றிருந்ததற்குப் பக்கத்தில் 'கம் திருடன்' என்று சிவப்பு மையில் எழுதினார். தாளைக் கைலாசத்தின் பக்கம் தள்ளிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கண்ணுசாமி வாசற்படியில் வழியை மறித்து நின்றார்.

"நீங்க எங்கீங்க போறீங்க? நீங்க போயிட்டா நான் யாரு பையிலீங்க மருந்து வைக்கிறது? வந்து உக்காருங்க சார். இனி உங்குளுதும் லோடு வண்டிதான். ரெண்டு பேரும் மெதுவாவே ஏறலாம்."