கொலுவுக்கு நாலு கண்ணாடிக் குப்பி

“நாலும் பொம்பளப் பிள்ளைங்க அண்ணாச்சி. கொலுவுல ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி வைக்கணும்னு அழுதுக்கிட்டுக் கெடக்குதுவ” என்றார் சிவசைலம்.

சிவசைலத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. தென்காசியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த அவர், குற்றாலத்துக்குப் பஸ் ஏறி, பாதி வழி வந்த பிறகுதான் இந்த நாலு பெண்களையும் பெற்றார்.

அவருக்கு வேண்டியது கொலுச் சாமான் அல்ல, ரெக்டிஃபையர் வால்வு. மின்சாரத்தை ஒரே பக்கமாகப் போகவிட்டு, திரும்பி வரவிடாத கண்ணாடிக் குழாய் அது. நாலு வால்வையும் நாலு கண்டென்சரையும் ஏணி மாதிரி இணைத்தால் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், உச்சியில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு மின்னல் வெட்டும்.

அந்த இரண்டு விரற்கடை மின்னலுக்காக மனுஷர் ஆறு வருஷமாகத் தவம் கிடந்தார். மற்றதெல்லாம் தயார். வால்வு மட்டும்தான் எட்டாக்கனி. பம்பாய்க் கம்பெனிக்காரன் ஒரு வால்வுக்கு அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டான்.

இதற்கிடையில் சனிக்கிழமை ஜில்லா கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். ஹெட்மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “அன்னைக்கு மின்னல் வரணும். வரலைன்னா உம்ம தட்டுமுட்டுச் சாமான எல்லாம் எடுத்துட்டு, அந்தப் பின்னறையக் காலி பண்ணிரும். வெறகு அடுக்கணும்.”

அந்த அறைதான் சிவசைலத்துக்கு வீடு, வாசல், குடும்பம் எல்லாம்.

யுத்தம் முடிந்து, குற்றாலத்தில் இருந்த பட்டாளத்து முகாமைக் கலைத்து, சாமான்களை ஏலம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெட்டி வால்வை நாட்டு வைத்தியர் சுந்தரபாண்டி எடுத்திருக்கிறார் என்று காதில் விழுந்ததும் சிவசைலம் ஓடி வந்துவிட்டார். ஆனால் தேவை என்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும் அல்லவா? அதற்காகத்தான் அந்த நாலு பெண்களும்.

வைத்தியர் கல்வத்தில் மருந்து அரைப்பதை நிறுத்தினார். கையெல்லாம் செந்தூரச் சிவப்பு. “மிலிட்டரிச் சாமான்வே. ஒண்ணு பத்து ரூவாய்க்குக் கொறஞ்சு தர முடியாது” என்றார்.

“வெறுங் கண்ணாடிக்கா அண்ணாச்சி?”

“வெறுங் கண்ணாடியா? கரண்டு குடுத்தா எரியுமாம்லா.”

“எரியண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்ல கரண்டே கெடையாது. பாக்க அழகா இருந்தாப் போதும்.”

வைத்தியர் ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே பாதரசத் துளி ஒன்று அங்குமிங்கும் உருண்டது. லேசாகக் கீறல் விழுந்து காற்றுப் புகுந்தாலும் வால்வு செத்தது. அப்புறம் அதில் ஊறுகாய்தான் போட வேண்டும்.

“பாத்து அண்ணாச்சி, பாத்து!”

“ஏன்வே இப்படிப் பதறுதீரு?”

சிவசைலம் சுதாரித்துக்கொண்டார். “இல்ல, சின்னப் பிள்ளைங்க தொட்டு வெளையாடும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக்கூடாதுல்லா? கடைசிக் குட்டி எதக் கண்டாலும் வாயில வச்சிருவா.”

“அதுவும் சரிதான்” என்றார் வைத்தியர். வால்வை மறுபடியும் சாய்த்து, உள்ளே உருளும் துளியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “போவட்டும். பிள்ளைங்க ஆசப்படுதுன்னு சொல்லுதீரு. ஒண்ணு எட்டணாவுக்கு எடுத்துக்கிடும்.”

பத்து ரூபாய் எங்கே, எட்டணா எங்கே! கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாமா என்றிருந்தது சிவசைலத்துக்கு. ஆனாலும் வலிய முகத்தைச் சுளித்து, “எட்டணாவா?” என்று இழுத்து, ஆறணாவுக்கு முடித்தார்.

“அருவியில ஒரு குளி போட்டுட்டு வாரும். அதுக்குள்ள தொடச்சி, வைக்கோல் சுத்திக் கட்டி வைக்கேன்” என்றார் வைத்தியர். “யுத்தம் வந்ததுலேருந்து மருந்துச் சரக்கு வரத்தே இல்ல. யாவாரமும் இல்ல, நேரம் நெறைய இருக்கு.”

சீசன் முடிந்தும் அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. தலையைக் கொடுத்துக்கொண்டு நின்ற சிவசைலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பம்பாய்க்காரன் மாதச் சம்பளம் கேட்ட சாமானை ஆறணாவுக்குத் தூக்கிக் கொடுக்கிறாரே, இப்படியும் ஓர் ஏமாளி உண்டா? சனிக்கிழமை மின்னல் வெட்டும்போது ஹெட்மாஸ்டரின் மூஞ்சி எப்படிப் போகும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். ருசியாக இருந்தது. இன்னொரு தடவையும் நினைத்துக்கொண்டார்.

ஈரத் தலையோடு திரும்பியபோது மூட்டை தயாராக இருந்தது. வைக்கோலும் பழைய பேப்பரும் சுற்றி, அவ்வளவு பதவிசாகக் கட்டியிருந்தார் வைத்தியர். சிவசைலம் காசைக் கொடுத்துவிட்டு, மூட்டையைப் பச்சைப் பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

“வே, ஒரு நிமிசம்” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் வைத்தியர்.

விலையைக் கூட்டிக் கேட்பாரோ என்று பயந்தபடி சிவசைலம் திரும்பினார்.

“பயப்படாமப் பிள்ளைங்க கையில குடும்வே. நாலுலயும் ஓட்டை போட்டு, பாதரசத்த மருந்துக்கு வடிச்சிட்டேன்!”