விழாத பிரவுசர்

அந்த பிரவுசர் திறந்த ஐந்தாவது நிமிடமே பொத்தென்று விழுந்து மூடிக்கொண்டுவிடும். விழுந்ததும் முதலில் ஓடி வருவது அதன் தோளில் தொற்றியிருந்த கிளவுட் ஆட்-ஆன் என்ற குட்டித் துணைச் செயலிதான். "பயப்படாதேண்ணே, உன் ஃபைல் எல்லாத்தையும் மேலே பத்திரமா ஏத்திட்டேன்!" பிரவுசருக்குக் கண் கலங்கிவிடும்.

யாரால் விழுகிறோம் என்று கண்டுபிடிக்க, ஒருநாள் எல்லா ஆட்-ஆன்களையும் தூங்க வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எழுப்பியது பிரவுசர். அகராதி எழுந்தது, விழவில்லை. விளம்பரத்தைத் தடுப்பவன் எழுந்தான், அப்போதும் விழவில்லை! 'கிளவுட் மட்டும் தூங்கட்டும், பாவம், எனக்காக எவ்வளவு உழைக்கிறான்' என்று விட்டுவிட்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! நாற்பது டேப் திறந்தும் அசையவில்லை. பிரவுசருக்குத் தலைகால் புரியவில்லை.

"அடேயப்பா, இதை முதல்ல அவன்கிட்ட சொல்லணும்!" என்று துள்ளிப்போய் கிளவுடைத் தட்டி எழுப்பியது.

பொத்!

"பயப்படாதேண்ணே," என்றது கிளவுட்.